ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும்

"கண்டியும் பாக்க வேணும், காலியும் பாக்க வேணும். அப்பிடியே கதிர்காமத்துக்கும் ஒருக்காப் போட்டு வருவம் பிள்ளை."

2018ஆம் ஆண்டு கைப்பணிப் பொருட்களின் விற்பனைக்காக முல்லைத்தீவிலிருந்து ஐந்து சகோதரிகள் கொழும்புக்கு வந்திருந்தார்கள். ஐந்து நாள் தங்கல். அதில் ஓய்வு ஒரேயொரு நாள். அந்த ஒரு நாளுக்குள் இலங்கை முழுவதையும் பார்த்துவிட அவர்கள் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையில் பிழை சொல்ல முடியுமா? 1990இல் நின்றுபோன வடபகுதி ரயில் 2013இல்தான் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டும் வந்தது. ஐவரில் இருவர் ரயிலில் ஏறியதே அந்தப் பயணத்தில்தான்.

ஐவரில் ஒருவர் மட்டும் தயங்கினார். "புருசன் இல்லாதவள் கொழும்பில ஊர் சுத்தித் திரியிறாள் எண்டு சனம் கதைக்கும்" என்றார். இது எங்களில் பலருக்குப் பழகிப்போன பயம். உழைக்கவும் அலுவலகங்களுக்கு அலையவும் பெண் வெளியே போகலாம். ஆறுதலுக்காகப் போகக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. குடும்பத்தைச் சுமப்பவளுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும். இதைப் பேசித் தீர்த்த பிறகுதான் திட்டம் போட உட்கார்ந்தோம்.

முதலில் நேரத்தைக் கணக்குப் பார்த்தோம். கொழும்பு கோட்டையிலிருந்து காலி ஏறத்தாழ 116 கிலோமீற்றர், கண்டி ஏறத்தாழ 120 கிலோமீற்றர். இரண்டுக்கும் போக இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம், வர அதேயளவு. ஆறு மணித்தியாலம் ரயிலிலேயே போய்விடும். ஆகவே ஒரு நாளில் ஓர் ஊர்தான். கதிர்காமத்துக்கு ரயிலே இல்லை. பின்னர் 2019இல் பாதை மாத்தறையிலிருந்து பெலியத்த வரை நீண்டபோதும், அங்கிருந்து பஸ்ஸில்தான் போகவேண்டும். அது ஒரு நாளில் அடங்காது. காலியைத் தெரிவு செய்தோம்.

அடுத்ததாக, திரும்பி வரும் ரயிலைத்தான் முதலில் தீர்மானித்தோம். பலர் போகும் ரயிலை மட்டும் விசாரித்துவிட்டு மாலையில் அந்தரப்படுவார்கள். இருட்டுமுன் தங்குமிடம் சேர வேண்டுமானால் காலியில் பிற்பகல் இரண்டு மணியளவில் ரயில் ஏறவேண்டும். அது தவறினால் அதற்கடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்றும் எழுதி வைத்தோம். காலி பஸ் நிலையம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பது இன்னொரு தைரியம்.

காலையில் வேலைக்காரர்கள் கொழும்பை நோக்கி வருவார்கள். நாங்கள் கொழும்பை விட்டு எதிர்ப்பக்கம் போனதால் நெரிசல் குறைவு. விடுமுறை நாட்களிலும் போயா தினங்களிலும் இந்தக் கணக்குச் சரிவராது.

செலவை நான்காகப் பிரித்தோம்: ரயில் கட்டணம், சாப்பாடு, நுழைவுக் கட்டணம், அவசரத்துக்கு ஒரு தொகை. கடைசித் தொகையைத் தனியாக முடிந்து வைத்தோம். மத்தியானத்துக்குச் சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும், அடையாள அட்டையும் எல்லோரிடமும் இருந்தன. "மே கோச்சிய கால்லட்ட யனவாத?" (இந்த ரயில் காலிக்குப் போகுமா?) என்ற ஒரு சிங்கள வசனத்தையும் பாடமாக்கினோம்.

எல்லாம் சரியாகத் திட்டமிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம் வரும். நல்ல காட்சி என்று ஐவரையும் வலப்பக்கம் இருத்தினேன். வெள்ளவத்தை தாண்டியதும் ஓர் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். 2004 டிசெம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையில் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர் அவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. அதே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ரயிலோடு மாண்ட பெரலிய இந்தப் பாதையில்தான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நேர அட்டவணையைப் பார்த்த நான் அவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

இடப்பக்கம் இருந்த ஒரு சிங்களத் தாய் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். காரணம் கேட்கவில்லை. பெரலியவைக் கடக்கும்போது அந்தத் தாய் கைகூப்பினார். அக்காவும் கூப்பினார்.

காலியில் மற்றவர்கள் கோட்டை மதிலில் நடந்து வெளிச்சவீடு வரை போனார்கள். மதிலில் நடக்கப் பணமில்லை. அக்காவும் நானும் உள்ளே மரநிழலில் இருந்து பார்சலைப் பிரித்தோம். "குறை நினைக்காதை பிள்ளை. நல்ல இடம்தான். அடுத்த முறை கடல் இல்லாத பாதையாப் பார்" என்றார்.

மறு வருடம் அவர் வந்தபோது கம்பஹாவுக்குப் போனோம். கோட்டையிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அங்குள்ள ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில்தான் 1876இல் இலங்கையின் முதல் இறப்பர் கன்றுகள் நாட்டப்பட்டன. அக்கா ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்தார். மூன்று மணிக்கே தங்குமிடம் திரும்பிவிட்டோம். களைப்பும் இல்லை, கடனும் இல்லை.

சகோதரிகளே, கொழும்புக்கு வர நேர்ந்தால் ஒரு நாளை உங்களுக்கென்று ஒதுக்குங்கள். நேரங்களையும் கட்டணங்களையும் முதல் நாளே நிலையத்தில் நேரில் விசாரியுங்கள். 1919 என்ற அரச தகவல் நிலைய இலக்கத்தில் தமிழிலும் கேட்கலாம். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகப் பாதையைப் பலமாகச் சேதப்படுத்தியதால், கண்டிப் பக்கம் போக நினைப்பவர்கள் ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்காமல் புறப்பட வேண்டாம்.

பிறரைக் கூட்டிப்போகிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: "இந்தப் பாதை உங்களுக்குச் சரியா?" அன்று நான் கேட்க மறந்தது அதைத்தான்.