வகுப்பறைக்குள் வட்ட மேசை

விரிவுரை மண்டபத்தின் சரிந்த இருக்கை வரிசைகளில் மாணவன் காண்பது தனக்கு முன்னிருப்பவனின் பிடரியையே. அண்டையிலிருப்பவனோடு பேசுவதும் அங்கே ஒழுங்கீனம். இவ்வமைப்பை மாற்ற முனைந்தோருள் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் பெய்க்னர் குறிப்பிடத்தக்கவர். 1990களில் அவர் உருவாக்கிய முறையில் மாணவர்கள் ஏறத்தாழ 7 அடி விட்டமுள்ள வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்தனர். மேசைக்கு 9 பேர். மும்மூவராக மூன்று குழுக்கள். மேசை இதனினும் பெரிதானால் எதிரிலிருப்பவரோடு உரையாடுதல் அரிது. சிறிதானால் கருவிகளுக்கு இடமிராது. ஆசிரியரோ மேசைகளுக்கிடையே உலவி வினாத் தொடுப்பார்.

தூணருகே அமர்ந்த ஆசிரியரைச் சூழ்ந்திருந்த ஹல்காக்களை அறிந்த நமக்கு வட்டம் புதிதன்று. எனினும் அங்கே பார்வைகள் ஆசிரியரை நோக்கின. இங்கே மாணவர்கள் ஒருவரையொருவர் நோக்குகின்றனர். இவ்வேறுபாடு சிறிதன்று எனக் கருதுகிறோம்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஜான் பெல்ச்சர் இத்தகைய முறையைப் புகுத்தியபோது, 2003இல் மாணவர்களே எதிர்த்து மனுக் கொடுத்தனர். மேசையை மாற்றிவிட்டுப் பழையபடியே பேசிக்கொண்டிருந்தால் பயன் விளையாது. அங்கு முறை கைவிடப்படவில்லை. ஆசிரியர்களுக்கான பயிற்சி செம்மையாக்கப்பட்டது. நாளடைவில் வகுப்பு வருகை உயர்ந்தது. அப்பாடத்தில் தேறாதோர் விகிதமும் முன்பிருந்ததில் பாதிக்குக் கீழே இறங்கியது.