சோறு வெந்ததை யந்திரம் அறிவது எப்படி?

வீட்டு வேலைகளை யந்திரங்களிடம் ஒப்படைப்பது என்றவுடன், மனிதக் கையின் வலிமைக்குப் பதிலாக மின்சாரத்தின் வலிமையை வைத்துவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்று எண்ணுவது உலக வழக்கம். ஆனால் சமையற்கட்டில் சிறிது நேரம் நின்று கவனிப்பவர்களுக்கு, அங்கே செலவாகும் பிரயாசையில் பெரும்பகுதி கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்குமே உரியது என்பது தெரியாமற் போகாது. பால் பொங்கி வழியுமுன் அடுப்பைத் தணிக்க வேண்டும். கடுகு வெடித்து அடங்கிய கணத்தில் பருப்பைப் போட வேண்டும். சோறு குழைவதற்குள் கஞ்சியை வடிக்க வேண்டும். எந்த வேலையையும் தொடங்குவதற்கு அதிக விவேகம் தேவைப்படுவதில்லை. எப்பொழுது நிறுத்துவது என்பதை அறிவதற்கே அனுபவம் வேண்டியிருக்கிறது. ஆதலால், ஒரு யந்திரம் தானே இயங்குகிறது என்று சொல்லுமுன், ‘போதும்’ என்பதை அது எதனால் அறிகிறது என்று கேட்பதே முறையாகும்.

இந்தக் கேள்விக்கு மிகவும் அழகான விடைகளுள் ஒன்று ஜப்பான் தேசத்தில், ஒரு சோற்றுப் பானையினுள்ளே அகப்பட்டது. மண்ணடுப்பில் விறகெரித்துச் சோறாக்கிய காலத்தில், ஜப்பானிய இல்லத்தரசிகள் விடியுமுன்னே எழுந்து, முதலில் சிறு தீ, பின்னர் பெருந்தீ, இறுதியில் தணல் என்று சுவாலையைக் கிரமமாக மாற்றிக்கொண்டு அடுப்பின் முன்னே காத்திருக்க வேண்டியிருந்தது. 1920களிலேயே மின்சாரத்தால் சோறாக்கும் பாத்திரங்கள் அங்கே தோன்றிவிட்டன என்றாலும், அவை விறகின் இடத்தில் மின்சாரத்தை வைத்தனவே ஒழிய, காத்திருப்பவளுக்கு விடுதலை அளிக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, பிற்காலத்தில் ஸோனி என்று புகழ்பெற்ற நிறுவனத்தை ஸ்தாபித்தவர்கள், மரத்தொட்டியின் அடியில் அலுமினியத் தகடுகளைப் பதித்து, அரிசியும் தண்ணீரும் கலந்த கலவையினூடே மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். ஈரம் குறையக் குறைய மின்னோட்டமும் தானே குறைய வேண்டும் என்பது யுக்தியில் குற்றமற்றதுதான். ஆனால் அரிசியின் ரகத்துக்கும் தண்ணீரின் அளவுக்கும் தக்கபடி பலன் மாறியதால், ஒருநாள் அரை வேக்காடும் மறுநாள் குழைசலுமாகவே சோறு வந்தது.

வெற்றி வேறொரு வழியில் வந்தது. டோஷிபா கம்பெனியில் விற்பனைப் பகுதியில் இருந்த யமதா ஷோகோ என்பவர், துணி துவைக்கும் யந்திரத்தைப் பெண்களுக்குச் செய்துகாட்டி வந்தபோது, துவைப்பதைக் காட்டிலும் வேளை தவறாமல் சோறாக்குவதே பெரும்பாடு என்று அவர்கள் சொல்லக் கேட்டார். தானே சோறாக்கி நிறுத்தும் பாத்திரம் ஒன்றை அமைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர், அக்கம்பெனிக்கு வெந்நீர்க் கலங்கள் செய்துகொடுத்துவந்த மினாமி யோஷிததா என்னும் சிறு பட்டறைக்காரர். ஏற்று நடத்தியவர் என்று சொல்லவேண்டுமானால், அவருடைய மனைவி ஃபூமிகோவையே சொல்லவேண்டும். வெயிலிலும் குளிரிலும் பானை பானையாகச் சோறாக்கி, உஷ்ணமானியைப் பார்த்துப் பார்த்து அந்த அம்மையார் குறித்துவைத்த குறிப்புகளிலிருந்து, கொதி வந்த பின் ஏறக்குறைய 20 நிமிஷங்கள் அதே உஷ்ணம் நீடித்தால் அரிசியிலுள்ள மாவுச்சத்து முற்றும் வெந்துவிடுகிறது என்பது ஸ்திரப்பட்டது.

ஆனால் கொதி எப்பொழுது வரும் என்பது அரிசியின் அளவையும் பருவத்தையும் பொறுத்தது. வெறும் கடிகாரத்தை வைத்து அதைக் கணிக்க முடியாது. இங்கேதான் தண்ணீரின் ஒரு சுபாவம் துணைக்கு வந்தது. ஒரு கிராம் தண்ணீரைப் பனிக்கட்டியின் குளிர்ச்சியிலிருந்து கொதிநிலை வரை சூடாக்க 100 கலோரி உஷ்ணம் போதும். கொதிக்கும் அதே நீரை ஆவியாக்கவோ சுமார் 540 கலோரி வேண்டும். ஆகவே, தண்ணீர் என்று ஒரு துளி மிஞ்சியிருக்கும் வரை, கீழே எவ்வளவு எரித்தாலும் அந்த உஷ்ணமெல்லாம் ஆவியாவதிலேயே செலவாகி, பாத்திரம் 100 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதில்லை. தண்ணீர் தீர்ந்த மறுகணமே உஷ்ணம் விர்ரென்று ஏறுகிறது. மினாமி தம்பதிகள் ஒரு பானைக்குள் மற்றொரு பானையை வைத்து, உள்ளே அரிசியை இட்டு, இடைவெளியில் ஒரு கிண்ணம் தண்ணீரை ஊற்றினார்கள். அந்தக் கிண்ணம் தண்ணீர் சுண்டி முடிவதற்கும் உள்ளே சோறு வேகுவதற்கும் காலம் ஒத்திருந்தது. அது தீர்ந்ததும் வெளிப்பானை 100 டிகிரியைத் தாண்ட, அடியில் பொருத்தியிருந்த ஈருலோகத் தகடு, அதாவது வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த துண்டு, வளைந்து மின்சாரத்தைத் துண்டித்தது. 1955-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அந்தப் பானை விற்பனைக்கு வந்தது.

பிற்காலத்தார் வெளித்தண்ணீரையும் வேண்டாமென்று தள்ளிவிட்டு, சோற்றுத் தண்ணீரையே சாட்சியாக்கிக்கொண்டார்கள். இன்று நம் வீடுகளில் உள்ள சாதாரண மின்சாரக் குக்கரின் அடியில், நடுவே, ஒரு காந்தக் குமிழ் இருக்கிறது. ஒவ்வொரு காந்தப் பொருளுக்கும் ஓர் உஷ்ண எல்லை உண்டு. அதைத் தாண்டினால் அதன் காந்த குணம் மறைந்துபோகும். பிரெஞ்சு விஞ்ஞானி பியேர் கியூரி ஆராய்ந்து கூறியதால் அவர் பெயராலேயே வழங்கும் இந்த எல்லை, சுமார் 103 டிகிரியில் அமையும்படி அக்குமிழின் காந்தப் பொருளைத் தயாரிக்கிறார்கள். அரிசி தண்ணீரை முழுதும் உறிஞ்சிக்கொண்டதும் பாத்திரத்தின் அடி அந்த எல்லையை எட்டுகிறது. காந்தப் பிடி நழுவுகிறது. வில் விலகி, ‘டக்’கென்ற ஓசையோடு விசை மாறுகிறது. கணிப்பான் இல்லை, சில்லு இல்லை. பௌதிக விதி ஒன்றே காவல் நிற்கிறது.

இத்தகைய காவல் புதிதன்று. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த கிடெஸிபியஸ், தண்ணீர்க் கடிகாரத்தில் மிதவை ஒன்றை வைத்து, நீர்மட்டமே நீரின் வரவை அடக்கும்படி செய்தார். நம் மொட்டைமாடித் தொட்டியிலும் கழிப்பறைத் தொட்டியிலும் மிதக்கும் பந்து அதன் வாரிசே. ஈருலோகத் தகட்டை ஹாரிஸன் என்னும் ஆங்கிலேயர் 18-ஆம் நூற்றாண்டில் கடற்பயணக் கடிகாரத்துக்காக அமைத்தார். விளைவே காரணத்தைக் கட்டுப்படுத்தும் இந்தத் தத்துவத்தை, 1948-ல் நார்பர்ட் வீனர் என்னும் கணித மேதை ஒரு தனிச் சாஸ்திரமாகவே விரித்தெழுதினார்.

‘போதும்’ என்பதைக் காட்டும் அடையாளம் கிடைக்காத இடத்தில் யந்திரம் அரைகுறையாகவே உதவுகிறது. நம் நாட்டு வழக்கப்படி நிறையத் தண்ணீர் வைத்துக் கஞ்சி வடிக்கும் சோற்றில், அரிசி வெந்த பின்னும் தண்ணீர் மிஞ்சியிருப்பதால், மேற்சொன்ன காந்தக் குமிழுக்குச் செய்தியே எட்டாது. இங்கே குடிகொண்ட பிரஷர் குக்கரோ, சுமார் 120 டிகிரி வரை உஷ்ணத்தை ஏற்றி நேரத்தைக் குறைத்ததேயன்றி, விசிலை எண்ணி அடுப்பை அணைக்கும் வேலையை மனிதரிடமே விட்டுவிட்டது. கோயம்புத்தூர்ப் பட்டறைகளின் புகழுக்கு உரிய கிரைண்டர், ஆட்டுக்கல்லின் குழவியைச் சுழற்றும் பெருஞ்சிரமத்தை நீக்கிய உபகாரி. ஆயினும் ஒரு துளி உளுந்து மாவைத் தண்ணீரில் விட்டு, அது மிதக்கிறதா என்று பார்த்து, காற்று போதிய அளவு ஏறியிருக்கிறதென்று முடிவு செய்வது இன்றும் அரைப்பவரின் பொறுப்பே. துணி துவைக்கும் யந்திரங்களிற் பல, அழுக்குப் போயிற்றா என்பதை அறியாமல், குறித்த நிமிஷங்கள் ஓடி நிற்கின்றன. கழிவு நீரின் கலங்கலை ஒளியால் அளந்து முடிவு செய்யும் ரகங்கள் பின்னரே வந்தன.

நிறுத்தத் தெரிந்த யந்திரத்துக்கும் தெரியாத யந்திரத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மனத்திற் கொண்டால், இக்காலத்து விளம்பரங்களை நிதானமாக எடைபோட முடியும். கைபேசியைத் தொட்டு வீட்டு விளக்கையும் மோட்டாரையும் இயக்கலாம் என்பது சௌகரியமே. எனினும் அங்கே விசை சுவரிலிருந்து சட்டைப் பைக்கு இடம் மாறியதே தவிர, எப்பொழுது நிறுத்துவது என்ற கவலை நம்மைவிட்டு நீங்கவில்லை. தொட்டி நிரம்பியதும் தானே மோட்டாரை அணைக்கும் மலிவான மிதவை, அந்தக் கவலையை நீக்கும் அளவில், அதனினும் உயர்ந்த யந்திரம். மேலும், நிறுத்தும் தருணத்தைக் குறிக்கும் அடையாளம் எது என்பது, அந்த வேலையை அன்றாடம் செய்பவர்களுக்கே முதலில் தெரிகிறது. பெண்களின் சமையலறை அறிவை யமதா கேட்டு, ஃபூமிகோ அளந்து குறித்து, பட்டறை உலோகத்தில் வடித்ததனாலேயே ஜப்பானியச் சோற்றுப் பானை ஜயித்தது. நம் மாவுக்கும் வடிசோற்றுக்கும் அப்படியொரு யந்திரம் வேண்டுமென்று விரும்பும் பொறியாளர்கள், வரைபடத்தை விரிக்குமுன், அவற்றைப் பதமறிந்து செய்துவரும் தாய்மார்களிடம் உஷ்ணமானியும் குறிப்பேடுமாகச் சென்று பாடம் கேட்பது நலம்.