புதிய டாக்டரும் பேசாத நோயாளியும்

பிடோக்கில் எங்கள் புளோக்கிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு சிறிய விலங்கு மருந்தகம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு நாள் அதன் கண்ணாடிக் கதவில் புதிய அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு விலங்கு மருத்துவர்களின் படங்கள் அதில் இருந்தன. படத்தின் கீழே அவர்கள் படித்த பல்கலைக்கழகம், ஆர்வமுள்ள துறை, வீட்டில் வளர்க்கும் பிராணி ஆகிய விவரங்கள். இருவரும் என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர்களாக இருப்பார்கள்.

பாட்டி நின்று பார்த்தார். “ரெண்டும் சின்னப் பிள்ளைங்களா இருக்குதே. நம்ம முத்துவுக்குப் பழைய டாக்டரே போதும்,” என்றார். நானும் தலையாட்டினேன்.

அப்படித் தலையாட்டியதால் எங்கள் பூனை முத்துவை நாங்கள் இழந்திருப்போம்.

இரண்டு நாள் தாமதம்

சில வாரங்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, முத்து தன் மணல் தட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். முதுகை வளைத்து முக்கினான். மலச்சிக்கல் என்று நினைத்தோம். மருந்தகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். எங்கள் வழக்கமான மருத்துவர் திங்கட்கிழமைதான் வருவார், சனிக்கிழமை காலை புதிய மருத்துவரிடம் நேரம் இருக்கிறது என்றார்கள். வீட்டில் கலந்து பேசினோம். திங்கட்கிழமைக்கே முன்பதிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முத்து இரண்டு முறை வாந்தி எடுத்தான். தூக்கினால் கத்தினான். கூண்டில் போட்டுக்கொண்டு ஓடினேன். பணியில் இருந்தவர் அறிவிப்பில் நாங்கள் பார்த்த அதே இளம் பெண் மருத்துவர்.

அவர் முத்துவின் வயிற்றை இரு விரல்களால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் பூனை மணலை அள்ளிச் சுத்தம் செய்வது யார் என்பது.

நான் இல்லை, பாட்டிதான். உடனே பாட்டியை அழைத்தேன். மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் கேட்க, பாட்டி பதில் சொன்னார். முத்து சிறுநீர் கழித்தால் மணல் கட்டிகட்டியாக இறுகும். வெள்ளிக்கிழமை இரவிலிருந்து ஒரு கட்டிகூட இல்லை. இதை இரண்டு நாளாகப் பாட்டி கவனித்திருக்கிறார். அது முக்கியம் என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

முத்துவுக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்திருந்தது. ஆண் பூனைகளுக்கு அந்தக் குழாய் மிகக் குறுகலானது. நுண்ணிய படிகங்களோ சளி போன்ற கழிவோ சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போகலாம். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைப்பது பூனை வளர்ப்போர் பலரும் செய்கிற தவறு என்றும் அன்று தெரிந்துகொண்டேன்.

மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார்கள். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் முத்து வீடு திரும்பினான். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. மருத்துவரும் சொல்லவில்லை.

இங்கே இல்லாத கல்லூரி

பிறகுதான் அந்த அறிவிப்பை நின்று படித்தேன். அந்த இளம் முகத்துக்குப் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பு இருந்திருக்கும் என்று தேடிப் பார்த்தேன்.

சிங்கப்பூரில் மருத்துவம், சட்டம், பல் மருத்துவம் எல்லாம் படிக்கலாம். விலங்கு மருத்துவப் பட்டம் மட்டும் இங்கே படிக்க முடியாது. அதற்கான பல்கலைக்கழகத் துறை நம்மிடம் இல்லை. ஆகவே, இங்குப் பிறந்து வளர்ந்து விலங்கு மருத்துவரான ஒவ்வொருவரும் பட்டத்துக்காக வெளிநாடு சென்று திரும்பியவர். பெர்த்தில் உள்ள மர்டோக், மெல்பர்ன், சிட்னி, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகங்கள், நியூசிலாந்தின் மாஸி, லண்டனின் ராயல் விலங்கு மருத்துவக் கல்லூரி, எடின்பரோ ஆகியவை நம் மாணவர்கள் நாடும் இடங்களில் சில. படிப்பு பொதுவாக 5 ஆண்டுகள். ஏற்கெனவே வேறொரு பட்டம் பெற்ற பிறகே சேரக்கூடிய படிப்புகளும் உண்டு. அனைத்துலக மாணவர் கட்டணத்தையும் தங்கும் செலவையும் கூட்டினால் பல லட்சம் வெள்ளி ஆகும்.

அங்கே அவர்கள் படிப்பது பூனை, நாய் பற்றி மட்டுமல்ல. ஆட்டுப் பண்ணையிலும் மாட்டுத் தொழுவத்திலும் குதிரை லாயத்திலும் வாரக்கணக்கில் பயிற்சி பெறுகிறார்கள். பிடோக் அடுக்குமாடியில் வளர்ந்த ஒருவர், பனி கொட்டும் விடியலில் முழங்கை வரை கையுறை மாட்டிப் பசுவைச் சோதிக்க வேண்டும். மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. நாம் தலைவலிக்குப் போடும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். ஒவ்வோர் உயிருக்கும் உடல் வேறு, மருந்தின் அளவு வேறு, ஆபத்து வேறு. மனித மருத்துவர் ஓர் உயிரினத்தைப் படிக்கும் காலத்தில் இவர்கள் பல உயிரினங்களைப் படித்து முடிக்க வேண்டும்.

பட்டம் பெற்றுத் திரும்பினாலும் உடனே வேலை பார்க்க முடியாது. தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் 2019 ஏப்ரலில் அமைக்கப்பட்ட விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவிடம் உரிமம் பெற வேண்டும். கதவில் ஒட்டியிருந்த படங்கள் இவ்வளவையும் கடந்து வந்தவர்களுடையவை. ‘சின்னப் பிள்ளைகள்’ என்று நாங்கள் ஒதுக்கியது இவர்களைத்தான்.

இந்தப் பணி மருந்தக அறையோடு முடிவதில்லை. 1953 முதல் சிங்கப்பூரில் வெறிநாய்க்கடி நோய் இல்லை. விலங்குகள் நாட்டுக்குள் வரும்போதே கண்காணிப்பதும் தனிமைப்படுத்துவதும் அதற்குத் துணைநிற்கின்றன. 1999ல் நிப்பா கிருமி பன்றிகளிலிருந்து இங்குள்ள இறைச்சிக் கூட ஊழியர்கள் 11 பேருக்குத் தொற்றியது. ஒருவர் உயிரிழந்தார். விலங்கின் நோயை முதலில் பார்ப்பவர் மனிதரின் நோய்க்கும் காவல் நிற்கிறார்.

பாட்டி ஏன் தயங்கினார்

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறுமியாக இருந்தபோது சிராங்கூன் ரோடு பக்கம் வளர்ந்தவர் அவர். சைக்கிளில் பால் கொண்டுவந்த தமிழ்ப் பால்காரர்களை இன்றும் நினைவுகூர்வார். மாட்டின் கண்ணையும் நடையையும் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார்களாம். ‘அனுபவம்’ என்றால் பாட்டிக்கு அதுதான்.

அந்த வட்டாரமே கால்நடைகளோடு வளர்ந்ததுதான். தேக்காவில் இன்றும் பஃபலோ ரோடு இருக்கிறது, கெர்பாவ் ரோடு இருக்கிறது. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. நாம் ‘கேகே’ என்று சுருக்கி அழைக்கும் மகளிர், சிறார் மருத்துவமனையின் பெயரும் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம் என்பதிலிருந்து வந்ததே. மாட்டு வணிகத்திலும் பால் தொழிலிலும் இந்தியர்கள் முன்னணியில் இருந்தார்கள். நகரம் வளர வளரத் தொழுவங்கள் மறைந்தன. இப்போது பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்படும் மாடுகளைத்தான் நம் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டிலோ இந்தக் கல்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. சென்னை வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ல் தொடங்கியது. 1989ல் இந்தத் துறைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் அங்கே உருவானது. கண்ணைப் பார்த்து நோய் சொன்ன அந்த அனுபவ அறிவையும் ஆய்வுக்கூடத்தையும் ஒன்றாக இணைத்த கல்வி அது. முத்துவின் வயிற்றை இரு விரல்களால் தொட்டுப் பார்த்த இளம் மருத்துவரிடம் இருந்ததும் அதே கலவைதான். பாட்டி தேடிய அனுபவத்தின் தொடக்கம் அந்த விரல்களில் இருந்தது.

பூனைகளுக்குக் கதவு திறந்த பிறகு

முத்து எங்கள் வீட்டுக்கு வந்ததற்கே ஒரு விதி மாற்றம்தான் காரணம். வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். அவற்றுக்கு அடையாள மின்சில்லு பொருத்தி உரிமம் பெற வேண்டும். முதன்முறை பூனை வளர்ப்போர் இணையம்வழி ஒரு பாடத்தையும் முடிக்க வேண்டும். ஏற்கெனவே பூனை வைத்திருப்போர் உரிமம் பெற 2026 ஆகஸ்ட் 31 வரை ஈராண்டு அவகாசம் தரப்பட்டது.

முன்பு விதிக்குப் பயந்து பூனையை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லத் தயங்கியவர்களும் இப்போது தயங்க வேண்டியதில்லை. பிடோக் போன்ற குடியிருப்புப் பேட்டைகளுக்குப் புதிய மருத்துவர்கள் தேவைப்படுவார்கள். அவர்களோடு விலங்கு மருத்துவத் தாதியரும் தேவை. அந்தத் துறைக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. பிடோக் நீர்த்தேக்கத்தை ஒட்டியுள்ள தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியிலேயே விலங்கு மருத்துவத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு இருக்கிறது. அதை முடித்துவிட்டு மேற்படிப்புக்கு வெளிநாடு போவோரும் உண்டு. பிராணிகள்மீது ஆசை உள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இந்த வழியையும் எண்ணிப் பார்க்கலாம். ஆனால், ஆசை மட்டும் போதாது. காப்பாற்ற முடியாத உயிருக்கு வலியில்லாத முடிவைத் தருவதும், அதை உரிமையாளரிடம் சொல்வதும், செலவைக் கேட்டுக் கலங்கும் குடும்பத்தோடு பேசுவதும் இந்த வேலையின் பகுதிதான்.

முதல் சந்திப்புக்கு முன்

புதிய மருத்துவரை எப்படித் தெரிந்துகொள்வது? அவருக்கு எத்தனை வயது என்று கணக்குப் போடுவதைவிட, நம் பிராணியை அவருக்குத் தெரியவைப்பதே நல்ல தொடக்கம். மனிதர்களுக்கு வலி வந்தால் வாய்விட்டுச் சொல்வார்கள். பூனையோ வலியை மறைக்கும். அதன் வாய் நாம்தான்.

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பிராணி ஆரோக்கியமாக இருக்கும்போதே, தடுப்பூசிக்கோ எடை பார்க்கவோ போகும்போது, ஒருமுறை புதிய மருத்துவரிடம் காட்டுங்கள். நலமாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் நோயின்போது மாற்றம் புரியும். என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று குறித்துவையுங்கள். விநோதமாக நடந்துகொண்டால் கைப்பேசியில் காணொளி எடுங்கள். மருந்தக மேசையில் வைத்தால் பல பூனைகள் அசையாமல் உறைந்துவிடும். வீட்டில் ஏதாவது மனித மருந்தோ நாட்டு மருந்தோ கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். யார் உணவு வைக்கிறாரோ, யார் மணலை அள்ளுகிறாரோ அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

கடைசியாகச் சொன்னது நம் வீடுகளுக்கு மிக முக்கியம். பல தமிழ்க் குடும்பங்களில் பிராணியைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்வது தாத்தாவோ பாட்டியோதான். மருந்தகத்துக்குப் போய் ஆங்கிலத்தில் பேசுவது பேரப்பிள்ளைகள். தெரிந்தவர் வீட்டில் இருக்கிறார், பேசுபவர் அங்கே நிற்கிறார். இரண்டு மொழி படித்த நமக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது.

சென்ற மாதம் முத்துவின் மறுபரிசோதனைக்குப் பாட்டியும் வந்தார். வழக்கமான மருத்துவர், புதியவர் இருவருமே அன்று பணியில் இருந்தார்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று முகப்பில் கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் பாட்டி கதவில் இருந்த படத்தைக் காட்டினார். உள்ளே போனதும் கைப்பையிலிருந்து ஒரு சிறிய குறிப்பேட்டை எடுத்தார். நாள்வாரியாக, தமிழ் எழுத்தில், முத்துவின் மணல் கட்டிகளின் கணக்கு.

மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் முதல் வரியிலிருந்து வாசித்து மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.