பிள்ளை மனம் – 17: மணற்காட்டில் கல்லுக்கு எங்கே போவது?

போன கிழமை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் நிறுத்தியிருந்தேன். பரீட்சை நெருங்க நெருங்க வயிற்றுக்குத்து வருகிற பிள்ளைகளைப் பற்றி இந்தக் கிழமை எழுதுவதாக வாக்கும் கொடுத்திருந்தேன். தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இதற்குமேல் நினைவூட்டல் தேவையில்லை. புதிதாக வந்தவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு வாசித்த ஓர் ஆய்வில் வந்த கயிறு ஒன்று என் காலைச் சுற்றிவிட்டது. வியாழன் காலை இதழாசிரியர் தொலைபேசி எடுத்து "எங்கே கட்டுரை?" என்று கேட்டபோதும் நான் அந்தக் கயிற்றோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

கயிறு கிடந்த இடம் மணற்காடு. பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்கே, வல்லிபுர ஆழ்வார் கோயிலையும் தாண்டிப் போனால் மணல் குன்றுகள், சவுக்கு மரங்கள், அப்பால் கடல். பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் மணலுக்குள் அரைவாசி புதைந்து நிற்கும். ஊர் கத்தோலிக்க மீனவர் ஊர். பள்ளிக்கூடத்தின் பெயருக்குப் பின்னால் நான் ஓயாமல் பிதற்றுகிற அந்த எழுத்துகள்: றோ.க.த.க. றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மிசன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்தது. குடாநாடெங்கும் பெயர்ப்பலகைகளில் இந்த எழுத்துகள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. சரி, இன்றைக்கு எழுத்துகளை விட்டுவிடுகிறேன்.

2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள், திருவழிபாட்டு நாட்காட்டியில் திருக்குடும்பத் திருநாள். அன்று காலைதான் சுனாமியாகக் கடல் வந்தது.

மூன்று நான்கு கிழமை கழித்து, ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் உள்ளூர் உளவளத்துணையாளர்களோடு சேர்ந்து மூன்று கரையோர ஊர்களில் 264 பிள்ளைகளுடன் பேசினார்கள். வடக்கே மணற்காடு, மேற்கே கொஸ்கொட, தெற்கே கல்பொக்க. ஊருக்கு ஊர் 14 முதல் 39 வீதம் வரையான பிள்ளைகளிடம் 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' என்று நம் மருத்துவர்கள் சொல்வதன் அறிகுறிகள் இருந்தன. நடந்து முடிந்தது முடியாமல் நிற்பதுதான் இந்த நோய். கனவில் அலை வரும். சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடும். கரைப் பக்கம் கால் போகாது. மணற்காட்டுப் பிள்ளைகள் அலைக்கு முன்பே யுத்தத்துக்குள் பிறந்தவர்கள். 1995 செப்டெம்பர் 22 அன்று பள்ளிக்கூடத்தின்மேல் குண்டு விழுந்த நாகர்கோவில் அவர்களுக்கு அதே கரையில் உள்ள ஊர்.

பிறகு மணற்காட்டு மக்கள் தங்கியிருந்த முகாமில், இந்த அறிகுறிகள் இருந்த 8 முதல் 14 வயது வரையான 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஆளுக்கு ஆறு அமர்வு. நடத்தியவர்கள் வெள்ளைக் கோட்டுப் போட்ட டொக்டர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கரும்பலகையில் சோக்கட்டி பிடித்த கைகள், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். (யாழ்ப்பாணத்தில் ரீச்சரும் உளவளத்துணையாளரும் ஒரே ஆளாக இருப்பது புதினமில்லை. கோகிலா மகேந்திரன் இந்த இரண்டோடும் நிற்காமல் சிறுகதையும் எழுதுகிறவர்.)

ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குச் செய்ததில்தான் கயிறு வருகிறது. நிலத்தில் ஒரு கயிற்றை நீட்டிவிடுவார்கள். ஒரு நுனி பிறந்த நாள். அங்கிருந்து பிள்ளை தன் சீவியத்தை அடுக்கிக்கொண்டு வரவேண்டும். நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். சிறிய துன்பத்துக்குச் சிறிய கல், பெரியதற்குப் பெரியது. முதல் நாளில் கல்லுக்குப் பெயர் மட்டும்தான், உள்ளே போவதில்லை. அடுத்தடுத்த நாள்களில் ஒவ்வொரு கல்லடியிலும் நின்று, என்ன கண்டாய், என்ன கேட்டாய், உடம்பு என்ன செய்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டு எழுதுவார்கள். எழுதியதை அடுத்த முறை பிள்ளைக்கே வாசித்துக் காட்டுவார்கள். கயிற்றின் மறுநுனியை வெட்டுவதில்லை, சுருட்டியபடியே விட்டுவிடுவார்கள். அது இனி வரப்போகிற காலம்.

இதன் சூட்சுமம் இதுதான். பயத்தின் ஞாபகம் தேதியில்லாமல் கிடக்கிறது: சத்தம், உப்புநீர், ஓட்டம் எல்லாம் துண்டு துண்டாக. கயிற்றில் வைத்தவுடன் அதற்கு ஒரு முன்னும் பின்னும் கிடைக்கிறது. கடல் வந்தது அன்றைக்கு, அந்த இடத்தில். இப்போது நான் பாயில் இருக்கிறேன், எதிரே ரீச்சர் இருக்கிறா.

கரைவலை இழுக்கிற ஊரில் பிள்ளைக்குக் கயிறு அந்நியமில்லை. என்னை இரண்டு இரவு தூங்கவிடாதது கல். வலிகாமத்தில் மண்வெட்டி போட்டால் சுண்ணாம்புக்கல் 'ணங்' என்னும். மணற்காட்டில் கோயிலையே மணல் விழுங்கியிருக்கிறது. அங்கே கல்லுக்கு எங்கே போவது? கரையில் ஒதுங்கிய முருகைக்கல்லோ, வீதி போடக் கொட்டிய சல்லியோ, யாரோ ஒரு ரீச்சர் கைப்பையில் பாரத்தோடு கொண்டுபோயிருக்க வேண்டும். வேலைக்குக் கல் சுமந்து போகிற ஒரு உளவளத்துணையாளரை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் வளவில் கல்லுக்குப் பஞ்சமில்லாதபடியால் புதன்கிழமை விறாந்தையில் தும்புக் கயிறு ஒன்றை நீட்டிவிட்டேன். வைத்தியம் இல்லை, வெறும் விசர். வலிகாமம் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 வந்ததும் கிணற்றடியிலிருந்த மிகப் பெரிய கல்லைத் தூக்கி வைத்தேன். அக்கா செம்பரத்தம்பூ ஒன்றைப் பிடுங்கி வந்து அதே இடத்தில் வைத்தா.

"இடம்பெயர்ந்த இரவுக்குப் பூவோ?" என்றேன்.

"உனக்கு ஒன்பது வயசு, என்ன தெரியும்? கைதடியில முன்பின் தெரியாத ஒரு மனுசி எங்களுக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி தந்தவ. மறந்திட்டியே?"

மறந்துதான் போயிருந்தேன். 1996இல் ஊருக்குத் திரும்பி ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பழைய கொப்பி எங்கே?" எங்கே போனீர்கள், எப்படி வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த ஆளை அப்போது அங்கே யாரும் உருவாக்கியிருக்கவில்லை.

மணற்காட்டுப் பிள்ளைகளின் மற்றப் பகுதியை மறந்துவிட்டேன். அவர்களுக்கு மூச்சுப் பயிற்சி, தியானம், உடம்பைத் தளர்த்துதல். பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாகச் சொல்லிவருவது நினைவுக்கு வருகிறது: சைவப் பிள்ளைக்கு 'ஓம்' என்றால் கத்தோலிக்கப் பிள்ளைக்குச் செபமாலை, வீட்டில் ஏற்கெனவே இருக்கிற ஆறுதலை எடுத்துப் பயன்படுத்து. ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது கயிற்றுப் பக்கம் 81 வீதமும் தியானப் பக்கம் 71 வீதமும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். இந்த ஆய்வு பற்றி 2009இல் வெளியான கட்டுரையில் இது உண்டு. ஒன்றுமே செய்யாத மூன்றாவது குழு இல்லாததால் எவ்வளவு வைத்தியத்தால், எவ்வளவு காலம் போனதால் என்று பிரிக்க முடியாது. 31 பேரில் பத்து வீத வித்தியாசத்தைக் கொண்டு செபமாலையைக் கயிறு தோற்கடித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டு எந்த ரீச்சரும் நாளை தரம் 3 வகுப்பில் கயிறு நீட்டவேண்டாம். கல்லைத் திறந்தால் மூடவும் தெரியவேண்டும், அதற்குத்தான் பயிற்சி. வகுப்பு ரீச்சரால் முடிந்தது வேறு: வரவுப் பதிவேட்டில் திங்கட்கிழமைகளில் மட்டும் விழுகிற சிவப்புக் கோட்டைக் கவனிப்பது, மூலையில் குந்தியிருக்கிற பிள்ளையின் பக்கத்தில் போய் இருப்பது, தேவையானால் உளவளத்துணை ஆசிரியரிடமோ சாந்திகம் உளவளத்துணை நிலையத்துக்கோ கையைப் பிடித்துக் கூட்டிப்போவது.

மட்டக்களப்பில் 1996இல் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளும் கனடாவின் ஓவியர் போல் ஹோகனும் யுத்தம் கண்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பற்றியும் எழுத இருந்தேன். பக்கம் முடிகிறது.

புலமைப்பரிசில் வயிற்றுக்குத்து அடுத்த கிழமை, கட்டாயம். அதற்குள் ஒன்று: நல்லூரிலிருந்து ஒரு அம்மா தொலைபேசியில் சொன்னா, மகளுக்கு வயிற்றுக்குத்து வருவது ஞாயிறு பின்னேரம் சரியாக ஆறு மணிக்காம். ரியூசன் சேர், மாதிரி வினாத்தாள் புள்ளிகளைக் கைப்பேசியில் பெற்றோருக்கு அனுப்புகிற நேரமும் அதுதான்.