கட்டுச்சோறும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சும்

விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினால் கட்டுச்சோறு இல்லாமல் நமக்குப் பயணம் கிடையாது. தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை நாள். "வீட்டுச் சாப்பாடுதானே, ஒண்ணும் ஆகாது" என்று என்னிடம் பலரும் சொல்வதுண்டு. ஆனால் வீட்டுச் சோற்றிலும் ஒரு சங்கதி இருக்கிறது.

பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் அரிசியோடு இயல்பாகவே வருகின்றன. சோறு கொதித்தாலும் இவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் வறுத்த சோறு சாப்பிட்டவர்கள் வாந்தியெடுத்தது இதனால்தான். சோற்றை வேகவைத்து வெளியிலேயே வைத்திருந்து, பிறகு வறுத்தார்கள். இந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது, வாசனையிலும் தெரியாது. ஆகவே "திரும்பச் சுடவெச்சா சரியாயிடும்" என்பது தப்புக் கணக்கு. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும்.

நம் பாட்டிமார் புளியோதரை கட்டியதில் அர்த்தம் உண்டு. புளிப்பு இக்கிருமியை அடக்கும். ஆனால் புளிக்காய்ச்சல் எல்லாப் பருக்கையிலும் ஏற வேண்டும். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்துக் கலக்குங்கள். சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள். வெண்பொங்கல், தேங்காய்ச் சாதம் முதல் வேளைக்கு மட்டும். மறுநாளைக்குத் தட்டை, முறுக்கு, வாழைப்பழம் போதும்.

வாந்தி, பேதி கண்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து சிறுகச் சிறுகக் கொடுங்கள். குழந்தைகள், முதியவர்கள் என்றால் தாமதம் வேண்டாம். 139க்குப் போன் செய்து ரயிலிலேயே மருத்துவ உதவி கேளுங்கள்.