கூடார நகரங்கள் – 6: வீட்டை உருட்டிச் சென்றவர்கள்

ஜோர்டானின் வடக்கில், மஃப்ரக் நகரத்தை அடுத்து, சிரிய எல்லையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஒரு பொட்டல் வெளி. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. காற்றடித்தால் புழுதி கண்ணை மறைக்கும். 2012 ஜூலை 28 அன்று அங்கே வரிசையாகக் கூடாரங்கள் அடித்து ஸாத்தரி முகாம் திறக்கப்பட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப்பக்கம் உள்ள தரா மாகாணத்துக்காரர்கள். 2011 மார்ச்சில் சிரிய அரசுக்கு எதிரான போராட்டம் மூண்ட மண் அது. அரசுப் படைகள் ஊரைச் சூழ்ந்தபோது, கையில் கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக நடந்தே எல்லையைக் கடந்தார்கள். 2013 ஏப்ரல் வாக்கில் முகாமில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். அவ்வளவு பேருக்கும் இருந்த இடம் 5.3 சதுர கிலோமீட்டர். பிறகு பலர் ஜோர்டான் நகரங்களுக்குப் போனார்கள், சிலர் ஊருக்கே திரும்பினார்கள். அதன்பின் பத்தாண்டுக் காலம் முகாமின் மக்கள்தொகை 80,000 என்ற அளவில் நின்றது.

முகாமின் காவலும் அனுமதியும் ஜோர்டான் அரசின் கையில். அன்றாட நிர்வாகத்தை ஐ.நா. அகதிகள் ஆணையம் ஒருங்கிணைக்கிறது. தண்ணீரும் பள்ளியும் யுனிசெஃப் பொறுப்பு, உணவு உலக உணவுத் திட்டத்தின் பொறுப்பு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஜோர்டான் கையெழுத்திட்டதில்லை. ஆகவே முகாமில் இருப்பவர்கள் சட்டத்தின் கண்ணில் விருந்தாளிகள்தான். நிரந்தரக் கட்டடம் எழுப்பக் கூடாது, அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போகக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளுக்குள் ஒரு நகரம் எப்படி எழுந்தது என்று பார்த்தால், ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. தேவைப்பட்டதை அகதிகள் முதலில் தாங்களாகவே செய்துகொண்டார்கள். நிர்வாகம் தடுத்துப் பார்த்தது. முடியாதபோது பின்னாலேயே வந்து அதை முறைப்படுத்தியது.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். 2013 ஜனவரி மழையில் கூடாரங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அதற்குப் பிறகு கூடாரங்களுக்குப் பதிலாகத் தகரமும் நுரைத்தகடும் சேர்த்துச் செய்த பெட்டி அறைகள் அதிக அளவில் வந்து இறங்கின. முகாமில் அதற்குக் கேரவன் என்று பெயர். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் வண்டி நினைவுக்கு வரும். ஸாத்தரியின் கேரவனுக்குச் சக்கரம் கிடையாது. சன்னலும் கதவும் உள்ள ஒற்றை அறை, அவ்வளவுதான். இவற்றை நேர்கோட்டில், சம இடைவெளி விட்டு, கணக்காக வரிசைப்படுத்தியிருந்தார்கள். ஆனால் சிரியக் கிராமத்துக் குடும்பம் அப்படி வாழ்ந்து பழகியதல்ல. அண்ணன் வீட்டை ஒட்டித் தம்பி வீடு, நடுவில் ஒரு முற்றம், வெளியாள் கண்ணில் படாமல் பெண்கள் உட்கார்ந்து பேச ஓர் இடம் என்பதுதான் அவர்கள் அறிந்த வீடு. எனவே கேரவன்களை நகர்த்தினார்கள். முகாமின் வேலியில் நட்டிருந்த இரும்புக் கம்பங்களை அறுத்து, அவற்றைச் சட்டமாகப் பற்றவைத்து, அடியில் சக்கரம் மாட்டி ஒரு தள்ளுவண்டி செய்தார்கள். கேரவனை நெம்பி அதன் மேல் ஏற்றி, ஆண்கள் இருபக்கமும் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் பின்னால் ஓடிவர, ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு வீடு உருண்டு போனது. இது கூலிக்குச் செய்யும் தொழிலாகவே ஆனது. இரண்டு மூன்று கேரவன்களை டகர வடிவிலோ பகர வடிவிலோ நிறுத்தி, இடைவெளியைக் கூடாரத் துணியால் மூடினால் முற்றம் தயார். சில முற்றங்களில் சின்னதாக ஒரு நீரூற்றுகூட வைத்தார்கள். தமாஸ்கஸின் பழைய வீடுகளில் நடுமுற்றத்தில் நீரூற்று இருக்கும். தண்ணீர் அளந்து வரும் இடத்தில் எதற்கு இந்த ஆடம்பரம் என்று கேட்பவர்கள், வீடு என்ற சொல் அந்த மக்களுக்கு எதைக் குறிக்கிறது என்பதை அறியாதவர்கள்.

மின்சாரமும் இப்படித்தான் வந்தது. முதலில் தெருவிளக்குகளுக்கு மட்டுமே மின்சாரம் கொடுத்திருந்தார்கள். பிழைக்க வந்தவர்களில் எலக்ட்ரீஷியன்களும் இருந்தார்களே! தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு வீடுகளுக்கு ஒயர் இழுத்தார்கள். குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அகதிகள் ஆணையத்துக்கு மாதந்தோறும் பல லட்சம் டாலர் மின்கட்டணம் ஏறியது. தலைக்கு மேலே பின்னிக் கிடந்த ஒயர்களால் தீயும் மின்னதிர்ச்சியும் நிரந்தர ஆபத்தாகவே இருந்தன. அந்த ஆண்டுகளில் முகாமை நடத்தியவர் ஜெர்மானியரான கிலியன் கிளெய்ன்ஷ்மிட். அவரை ‘மேயர்’ என்றே உலகப் பத்திரிகைகள் அழைத்தன. வேலிக் கம்பம் அறுப்பதையும் மின்சாரம் இழுப்பதையும் வெறும் திருட்டாகப் பார்க்காமல், ஒரு நகரம் தன்னைக் கட்டிக்கொள்ளும் வேலையாகப் பார்த்தவர் அவர். முகாம்களைக் கிடங்குகளாக நடத்தும் வழக்கத்தை வெளிப்படையாகச் சாடியவரும்கூட.

பின்னர் மின்பாதைகள் முறையாக அமைக்கப்பட்டன. செலவைக் கட்டுப்படுத்த மின்சாரம் பெரும்பாலும் இரவில் மட்டும், நாளொன்றுக்கு எட்டு மணி நேர அளவில் கொடுக்கப்பட்டது. 2017 நவம்பரில் ஜெர்மன் அரசின் ஒன்றரைக் கோடி யூரோ நிதியில் 12.9 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறந்த பிறகு அது 12 மணி நேரத்துக்கும் மேல் கூடியது. சுமார் 40,000 தகடுகள் கொண்ட அந்த நிலையம் அப்போது உலகின் அகதி முகாம்களில் இருந்தவற்றிலேயே பெரியது. பகலில் மின்சாரம் இருந்தால் காலையில் சமைத்தது மாலைவரை கெடாது, தையல் இயந்திரம் ஓடும், இருட்டும் முன்பே பிள்ளைகளின் துணியைத் துவைத்து முடிக்கலாம். மெகாவாட்டின் பொருள் இவ்வளவு எளியது.

தண்ணீர்தான் மிகக் கடினமான காரியம். உலகிலேயே நீர்ப் பற்றாக்குறை மிகுந்த நாடுகளில் ஜோர்டானும் ஒன்று. தொடக்கத்தில் லாரிகள் தண்ணீர் கொண்டுவந்து பொதுத் தொட்டிகளில் நிரப்பின. பெண்களும் சிறுவர்களும் குடத்துக்குப் பதில் பிளாஸ்டிக் கேன்களோடு வரிசையில் நின்றார்கள். தொட்டிக்கு அருகில் இருந்தவர்களுக்குத் தாராளமாகவும் தொலைவில் இருந்தவர்களுக்குக் கொஞ்சமாகவும் கிடைத்ததில் சண்டைகள் மூண்டன. முகாமுக்குள்ளேயே மூன்று ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. கழிப்பறைகளும் முதலில் பொதுவானவை. இரவில் அங்கே போகப் பெண்கள் அஞ்சினார்கள். அதனால் பொதுக் கழிப்பறைகளின் கதவையும் குழாயையும் கழற்றிவந்து, வீட்டோடு ஒட்டிச் சொந்தக் கழிப்பறை கட்டி, பக்கத்திலேயே குழி தோண்டினார்கள். கழிவுநீர் தெருவில் ஓடியது. பொதுச் சொத்தைச் சிதைத்தார்கள் என்று கண்டித்தவர்கள் உண்டு. ஆனால் பெண்களின் அச்சத்துக்கு அன்று வேறு மருந்தை யாரும் கொடுக்கவில்லை. கடைசியில் பொறியாளர்களின் திட்டமே மாறியது. வீட்டுக்கு வீடு குழாய், வீட்டுக்கு வீடு கழிவுநீர் இணைப்பு என்று முகாம் முழுவதும் நிலத்தடியில் வலைப்பின்னல் போடப்பட்டது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 35 லிட்டர் என்பது அளவு.

முகாமின் நுழைவாயிலில் தொடங்கும் பெரிய கடைத்தெருவுக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஷாம் எலிஸே’. பாரிஸின் புகழ்பெற்ற ஷான் எலிஸே வீதியின் பெயரோடு, தமாஸ்கஸை அரபியர் அழைக்கும் ‘ஷாம்’ என்ற சொல்லைக் கோத்த சிலேடை அது. முதலில் நிவாரணப் பொருட்களை விற்றும் மாற்றியும் நடந்த சில்லறை வியாபாரம், ஓரிரு ஆண்டுகளில் சுமார் 3,000 கடைகளாகப் பெருகியது. ஃபலாஃபல் பொரிக்கும் கடை, முடிதிருத்தகம், கைப்பேசி பழுதுபார்ப்பு, வளர்ப்புப் பறவைகள், வாடகைக்குக் கல்யாண உடுப்பு என்று எல்லாம் உண்டு. கல்யாண உடுப்புக் கடை தழைக்கும் இடத்தில் வாழ்க்கை நின்றுபோய்விடவில்லை என்று பொருள். ஆயினும் அந்த உடுப்பை அணிந்தவர்களில் பதினெட்டு வயது நிரம்பாத பெண்களும் பலர். வறுமையும் பாதுகாப்பு பற்றிய அச்சமும் சேர்ந்து முகாமில் இளவயது மணத்தைக் கூட்டின. இதைச் சொல்லாமல் ஸாத்தரியின் பெருமையை மட்டும் பாடுவது நேர்மையாகாது.

முகாமில் அகதிகள் கார் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் சைக்கிள்தான் அங்கே எல்லாம். ஆம்ஸ்டர்டாம் நகரம் நூற்றுக்கணக்கில் பழைய சைக்கிள்களை அனுப்பியது. பின்புறம் பலகை கட்டி எரிவாயு உருளை ஏற்றுவார்கள்.

உணவு வழங்கும் முறை பலமுறை மாறிவிட்டது. சமைத்த உணவும் ரொட்டியும் போய்க் காகிதச் சீட்டு வந்தது, பிறகு மின்னணு அட்டை வந்தது. 2016 முதல் அட்டையும் வேண்டாமென்றானது. முகாமின் பல்பொருள் அங்காடியில் பொருட்களை எடுத்துக்கொண்டு கல்லாவில் நின்று ஒரு சிறு கருவியை நோக்கினால் போதுமாக இருந்தது. அது கருவிழியைப் படித்து, குடும்பத்தின் கணக்கைத் தேடி, தொகையைக் கழித்துக்கொண்டது. சீட்டு தொலையாது, களவு போகாது என்பது நிர்வாகத்தின் வாதம். ஆனால் உடம்பின் அடையாளத்தைக் கொடுத்தால்தான் அரிசி என்ற நிலையில் ‘சம்மதம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று மனித உரிமையாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கணக்கில் விழும் தொகையோ நன்கொடை நாடுகளின் மனநிலையைப் பொறுத்தது. 2023 ஆகஸ்டில் தலைக்கு மாதம் 23 தினாராக இருந்தது 15 தினாராகக் குறைக்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு சோறு ஒரே மாதத்தில் போனது.

வேலை செய்யும் உரிமை தாமதமாகத்தான் கிடைத்தது. 2016இல் லண்டனில் நடந்த நிதி மாநாட்டில், உதவிக்கும் ஏற்றுமதிச் சலுகைக்கும் ஈடாகச் சிரியர்களுக்கு 2 லட்சம் வரை வேலை வாய்ப்பு அளிக்க ஜோர்டான் ஒப்புக்கொண்டது. 2017 ஆகஸ்டில் ஸாத்தரிக்குள்ளேயே வேலைவாய்ப்பு அலுவலகம் திறந்தது. வயல்வேலை, கட்டட வேலை, தொழிற்சாலை வேலைக்கு அனுமதிச் சீட்டோடு வெளியே போய்வரலாம் என்றானது. முகாமுக்குள் துப்புரவு, பழுதுபார்ப்பு, கற்பித்தல் உதவி போன்றவற்றுக்கு முறைவைத்துச் சிறு கூலி தரப்படுகிறது.

பள்ளிகள் 32. ஜோர்டான் பாடத்திட்டம், இரண்டு ஷிஃப்ட்: காலையில் பெண் பிள்ளைகள், பிற்பகலில் ஆண் பிள்ளைகள். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் சிறுவர்கள்தான் ஆசிரியர்களின் பெருங்கவலை. மருத்துவத்தில் முகாம் பெருமைப்படத்தக்க ஒன்று, ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் ஆதரவில் 2013 முதல் நடக்கும் மகப்பேறு நிலையம். அங்கே முதல் 10,000 பிரசவங்களில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

தராவை உள்ளடக்கிய ஹவுரான் சமவெளியில் கோதுமையும் தக்காளியும் விளைவித்தவர்களுக்கு, உப்பேறிய இந்த மண்ணில் எதையும் பயிரிட முடியாதது பெருந்துயரம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மண் இல்லாமலேயே நுரைப்பஞ்சில் பயிர் வளர்க்கும் முறையை ஆராய்ந்துவந்தார்கள். முகாமிலோ தூக்கி எறியப்பட்ட மெத்தைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. இரண்டையும் சேர்த்தார்கள். மெத்தையின் பஞ்சைத் துண்டு போட்டுப் பழைய வாளிகளில் அடைத்து, விதை ஊன்றி, சத்துக் கலந்த நீர் விட்டால் தக்காளியும் மிளகாயும் கத்தரிக்காயும் புதினாவும் தழைத்தன. மண்ணில் செலவாகும் நீரில் ஒரு சிறு பகுதியே போதுமாக இருந்தது. எந்தச் செடிக்கு எப்போது என்ன வேண்டும் என்பதை ஆய்வாளர்களுக்குச் சொன்னவர்கள் அந்த விவசாயிகள்தான். ஓடிவந்த முதல் நாட்களில் படுத்துறங்கத் தந்த மெத்தையே கடைசியில் அவர்களின் வயலானது.

கேரவன்களின் ஆயுள் ஆறு முதல் எட்டு ஆண்டுகள். பெரும்பாலானவை அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டன. அடித்தகடு உளுத்து, கூரை ஒழுகி, குளிர்காலத்தில் சுவரோரம் பூஞ்சை பிடிக்கிறது. 2024 டிசம்பர் 8 அன்று சிரியாவில் அசாத் ஆட்சி வீழ்ந்ததும் முகாமில் இரவு முழுவதும் கொண்டாட்டம். அதன் பிறகு குடும்பம் குடும்பமாகச் சாமான்களைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டுகிறார்கள். போகாதவர்கள் கணக்குப் போடுகிறார்கள்: தராவில் வீடு இடிந்து கிடக்கிறது, அதைக் கட்டப் பணம் வேண்டும், பிள்ளையின் பள்ளியாண்டு முடிய வேண்டும், அங்கே வேலை இருக்கிறதா என்று முதலில் போனவர் சொல்ல வேண்டும். ஆகவே சில வீடுகளில் தகப்பன் மட்டும் முன்னால் போகிறான். மற்றவர்கள் அவனுடைய தொலைபேசி அழைப்புக்காக, ஒழுகும் கூரைக்கு இன்னொரு தார்ப்பாய் வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள்.