பீரலு ரேந்தை: அட்டையில் இல்லாத பாடம்

தரம் 10 வகுப்பில் பிறமொழிச் சொற்கள் பற்றிய பாடம். அலமாரி, சாவி, சன்னல், சப்பாத்து எனப் போர்த்துக்கேயச் சொற்களை எழுதிவிட்டுக் கடைசியில் 'ரேந்தை' என்றும் எழுதினேன். "டீச்சர், அது மெசின்ல வாரதுதானே?" என்றாள் ஒரு பிள்ளை. வகுப்பில் அவளுக்கு நான் சொன்ன விடை போதாது. மிச்சத்தை இங்கு எழுதுகிறேன்.

காலியில் பிறந்த என் உம்மம்மா ரேந்தை பின்னுவார். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவிடம் பழகிய வேலை அது. பீரலு என்பது சிங்களச் சொல். நூல் சுற்றிய சிறு மரக்கட்டையைக் குறிக்கும். அக்கட்டைகளால் பின்னப்படுவதால் அது பீரலு ரேந்தை.

இறுக்கமாக அடைத்த தலையணையின் நடுவே ஓர் உருளை இருக்கும். துளையிட்ட மாதிரி அட்டையை அதில் சுற்றி, துளைகளில் குண்டூசி குத்தி, ஊசிகளைச் சுற்றி நூலைக் கொண்டுபோவார்கள். கட்டைகள் எப்போதும் சோடி சோடியாகவே இயங்கும். ஒரு நேரத்தில் இரண்டு சோடியைக் கையில் எடுத்தால், அடிப்படை அசைவு இரண்டுதான். நடுவிலுள்ள இரண்டு கட்டைகளையும் குறுக்கே மாற்றுவது ஒன்று. ஒவ்வொரு சோடியையும் தன்னுள் முறுக்குவது மற்றது. பூவும் இலையும் வலையும் இந்த இரண்டிலிருந்தே பிறக்கின்றன. உருளை சுழல்வதால் ரேந்தை அறுபடாமல் நீண்டுகொண்டே போகும்.

இக்கலை ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் பரவியது. இங்கு கொண்டுவந்தவர் போர்த்துக்கேயரா, ஒல்லாந்தரா என்ற கேள்வி உண்டு. 'ரெந்தா' என்ற போர்த்துக்கேயச் சொல்லே நம் ரேந்தை. ஆனால் சொல்லை மட்டும் சாட்சியாக்கித் தீர்ப்புச் சொல்ல முடியாது. 1640இல் ஒல்லாந்தர் காலியைக் கைப்பற்றிய பின்னரும் போர்த்துக்கேயக் கிரியோல் பேச்சு இங்கு வழங்கியே வந்தது. இங்கிலாந்தில் ஜோன் ஹீத்கோட் 1809இல் வலைப்பின்னல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் கைவேலை இயந்திரத்தோடு விலையில் போட்டிபோட வேண்டியதாயிற்று.

உம்மம்மா மௌத்தான பின் அவருடைய பீரலுகளைச் சிறுபிள்ளைகளான நாங்கள் விளையாடியே தொலைத்தோம். மிஞ்சியது ஒரு மாதிரி அட்டை. தமிழ் சிறப்புப் பட்டம் பெற்ற எனக்கு அதில் ஒரு வரிகூட வாசிக்கத் தெரியவில்லை. அண்மையில் அதை வெலிகமையில் ரேந்தை பின்னும் ஒரு முதிய பெண்ணிடம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தலையணை உறைக்கான கரை" என்றார். "ஊசி எங்க குத்தோணும் எண்டு மட்டுந்தான் அட்டை சொல்லும் மகள். எந்தச் சோடி எங்க போகோணும் எண்டது கைக்குத்தான் தெரியும்." காலை முழுவதும் இருந்து இரண்டு அங்குலம் பின்னிக் காட்டினார். மகள் பழகவில்லையா என்று கேட்டேன். "அவள் கார்மன்ட்டுக்குப் போறாள். மாசம் முடிய சம்பளம் வருமே" என்றார்.

அந்த மகளை யார் குறை சொல்வது? ஒரு காலைப் பொழுதின் உழைப்பை யார்க் கணக்கு லேஸ் விலைக்குக் கேட்கும் நாம்தான் வெட்கப்பட வேண்டும். சுலோவேனியாவின் இத்ரியா நகரில் 1876இல் தொடங்கிய ரேந்தைப் பள்ளியில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். 2018இல் அந்நாட்டின் ரேந்தைக் கலை யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலுக்கு முன்பே அங்கு பள்ளி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் பாடசாலைகளிலும் பின்னத் தெரிந்த ஒருவரை அழைத்து, உரிய கூலி கொடுத்து, வாரம் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளுக்குப் பழக்கலாம். கலியாண வீட்டுத் தலையணை உறைக்கு ஒரு சாண் கைரேந்தையாவது கேட்டு வாங்கலாம். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் துளையிட்ட பழைய அட்டை இருக்கக்கூடும். வீசிவிடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த கை இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு பிள்ளையையும் இருத்துங்கள்.